விருந்தாளிச் சீட்டில் காசெரெஸ்

2010 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, ரங்கூன் தாமுவேயில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்: பர்கத்துல்லாவாகிய நான், என் மனைவி மதீனா பீவி, மகள் மிஸ்பா, அவள் கணவர் நியாஸ், பராகுவே நாட்டுக் கால்பந்து வீரர் தெல்மிரோ காசெரெஸ். வேறு எவரும் இல்லை. தானும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவன் பொய் சொல்கிறான்.

காசெரெஸின் அணியில் நியாஸ் மொழிபெயர்ப்பாளர். பதினேழு வருடம் முன்கள வீரராக ஆடியவர் காசெரெஸ். பத்தொன்பது வயதில் சொந்த ஊருக்காக முதல் கோல். பிறகு சிலி, மெக்சிகோ, இந்தோனேசியா, கடைசியாக ரங்கூன். இடது முழங்காலில் மூன்று முறை அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒன்பது நாட்களுக்கு முன் ஓய்வை அறிவித்துவிட்டார். அணியின் முதலாளி ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஓர் ஆட்டம் ஆட வேண்டும், பெனால்டி கிடைத்தால் பந்தயக்காரர்களுக்காக வெளியே அடிக்க வேண்டும் என்றார். காசெரெஸ் மறுத்தார். மறுநாள் முதல் அவர் தங்கிய ஓட்டல் வாசலில் இரண்டு பேர் நின்றார்கள்.

வியாழன் காலை பாங்காக் விமானம். அதுவரை இரண்டு இரவு தங்க இடம் வேண்டி, பின்வாசல் வழியாக வெளியேறி எங்களிடம் வந்திருந்தார். சன்னலை விட்டுத் தள்ளி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டார்.

"மாமா, நாப்பத்தோரு பெனால்டி அடிச்சிருக்காராம். முப்பத்தெட்டு உள்ள," என்றார் நியாஸ்.

"மீதி மூணு?" என்றாள் மிஸ்பா.

நியாஸ் கேட்டுச் சொன்னார். "ரெண்டு, கோல்கீப்பரு புடிச்சது, ஒன்னு கம்பத்துல பட்டது. வேணும்னு வுட்டது ஒன்னுகூட இல்லையாம்."

"பந்து கெடக்கட்டும், சோத்தப் போட்டுக்கச் சொல்லுங்க. இவ்வளவு பெரிய ஆளு பூனையாட்டம் தின்னா எப்படி?" என்றாள் மதீனா.

நான் விருந்தாளிச் சீட்டை எடுத்தேன். வெளியாள் ஓரிரவு தங்கினாலும் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். எண்பத்தெட்டுக் கிளர்ச்சியின்போது என் தம்பி ரவூப் ஒரு மாணவனை எழுதாமல் தங்கவைத்தான். இருவரையும் ராணுவத்தார் கொண்டுபோனார்கள். ரவூப் திரும்பி வரவில்லை. அதற்குப் பின் இருபத்திரண்டு வருடம், எழுதாத தலை எதுவும் எங்கள் வீட்டுத் தலையணையில் படுத்ததில்லை.

"இன்னைக்கு வேணாம் மாமா," என்றார் நியாஸ். "வெளிநாட்டு ஆள வீட்ல வைக்கவே வுடமாட்டாங்க. அந்த வார்டு எழுத்தர் கோ மின், முதலாளிகூட ஒக்காந்து லஃபெயே டீ குடிக்கிறவன்."

"பெரிய வாப்பா மகன்னு எழுதிடுங்க வாப்பா," என்றாள் மிஸ்பா.

"அந்த மூக்கு நம்ம மூக்கா?" என்றாள் மதீனா.

"இது ஒளிஞ்சிக்கிற வீடு இல்ல," என்றேன். "என் விருந்தாளி சொந்தப் பேரோடத்தான் இருப்பாரு."

அது என்ன காகிதம் என்று காசெரெஸ் கேட்டார். நியாஸ் சொன்னார். காசெரெஸ் என்னைப் பார்த்தார். பிறகு இடது முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டார்.

சீட்டை நானே எடுத்துப்போனேன். கோ மின் பெயரை இருமுறை படித்தான். "ஊ பர்கத், உங்களைப் போல ஒழுங்கான ஆள் இந்த வார்டில் இல்லை," என்று பர்மிய மொழியில், 'ஊ' போட்டு மரியாதையாகச் சொன்னான். மற்றச் சீட்டுகள் கோப்புக்குள் கிடந்தன. இதை மட்டும் சட்டைப்பையில் வைத்தான். பார்த்தேன். திருப்பிக் கேட்கவில்லை.

புதன்கிழமை நண்பகல் ளுஹர் தொழுகைக்கு முன் முதலாளியின் ஆட்கள் நான்கு பேர் படியேறி வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் என் கையெழுத்துள்ள சீட்டு இருந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். காசெரெஸ் காலணியை மாட்டி, மதீனாவுக்கு நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை ஆடவைத்தார்கள். எண்பதாவது நிமிடத்தில் பெனால்டி கிடைத்தது. வலது மூலையில் அடித்தார். உள்ளே போயிற்று. அது முப்பத்தொன்பதாவது.

உடை மாற்றும் அறையிலிருந்து அவர் வெளியே வந்ததை யாரும் பார்க்கவில்லை. இரண்டு நாள் கழித்து நியாஸ் அவரை ஆஸ்பத்திரியில் கண்டார். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. படியில் விழுந்ததாக எழுதியிருந்தார்கள். பாங்காக் விமானத்தில் அவரைத் தூக்கித்தான் ஏற்றினார்கள்.

காசெரெஸை நியாஸ் காட்டிக்கொடுத்தார் என்று தாமுவே தேநீர்க் கடைகளில் பேசுகிறார்கள். தவறு. நியாஸ் அன்று வார்டு அலுவலகத்துக்குப் போகவில்லை. சீட்டை எழுதியவனும் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்.