செம்புக் கம்பியில் ஒரு படகு

ஜூன் மாதம் தாம்பரம் சானடோரியம் ரயில் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் ஞானசௌந்தரிக்கு வலது மணிக்கட்டு உடைந்தது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது விரல்கள் விறைத்துப்போய்க் கிடந்தன. பிசியோதெரபி பார்த்த பெண், "விரலுக்கு வேலை குடுங்க மேடம். பூ கட்டுங்க, பின்னல் போடுங்க, எதுவா இருந்தாலும் சரி. சும்மா மட்டும் வெச்சுக்காதீங்க" என்றாள்.

பூ கட்டுவதில் அவளுக்குப் பொறுமை கிடையாது. அவள் வேலை பார்த்த பள்ளி அலுவலகத்தில் ஓவிய ஆசிரியை ஒருத்தி செம்புக் கம்பியில் இலை மாதிரி வளைத்த தோடு போட்டிருந்தாள். விசாரித்ததில், கோவிலம்பாக்கத்தில் சுப்ரஜா என்கிற பெண் சனிக்கிழமை காலையில் ஆன்லைனில் கம்பி நகை வகுப்பு எடுப்பது தெரிந்தது. ஞானசௌந்தரி சேர்ந்துவிட்டாள்.

கம்பி அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. முதல் தடவை வளைத்தால் சொன்னபடி கேட்டது. தப்பென்று நிமிர்த்தி மறுபடி வளைத்தால் முறுக்கிக்கொண்டது. மூன்றாவது தடவை பட்டென்று ஒடிந்தது. சுப்ரஜாவுக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் விரல்கள் போகிற வேகத்தில் திரையில் எதுவும் பிடிபடாது. வகுப்பு முடிந்ததும் பதிவை மூன்று முறை ஓட்டிப் பார்த்துத்தான் ஞானசௌந்தரி ஒரு வளையம் போடுவாள். ஒரு மாதம் கழித்து முதல் ஜோடித் தோடு முடிந்தது. அவள் கணவன் காலேப் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஒண்ணு அண்ணன், ஒண்ணு தம்பி" என்றான். அதைத்தான் மறுநாள் ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

செப்டம்பர் கடைசியில் சுப்ரஜா போன் செய்தாள். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆன்லைனில் மூன்று மணி நேரக் கைவினை நிகழ்ச்சி; எல்லாரும் அவரவர் வீட்டிலிருந்தபடி ஒரே கருப்பொருளில் நகை செய்யவேண்டும். கம்பியும் மணியும் முன்கூட்டியே கூரியரில் போய்விடும்.

"தீம் மழை அக்கா. அந்த டைம்ல எல்லாரும் அந்த மூட்லதான் இருப்பாங்க. நீலக்கலர் மணி, துளித்துளியா தொங்கற ஜிமிக்கி... செமயா இருக்கும்ல? கிட் பேக் பண்றதை மட்டும் நீங்க பாத்துக்கறீங்களா?"

ஞானசௌந்தரி சரி என்றாள்.

அதற்குள் பதிவு செய்திருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். மறுநாள் மாலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கவர்களில் விலாசம் எழுதத் தொடங்கினாள். முடிச்சூர். முடிச்சூர். வரதராஜபுரம். மேற்குத் தாம்பரம். மறுபடி முடிச்சூர். இருபதாவது கவரில் பேனாவை மூடி வைத்தாள். ஒவ்வொரு கவரிலும் 'மழை வாழ்த்துகள்' என்று நீல ஸ்டிக்கர் ஒட்டவேண்டும்.

"பாதிப் பேர் நம்ம பக்கத்துக்காரங்க" என்றாள். "அவங்களுக்குப் போய் மழை வாழ்த்துகள்னு அனுப்பணுமாம்."

"அனுப்பு. அது நடந்து பத்து வருஷம் ஆச்சு" என்றான் காலேப். சொல்லும்போது அவன் ஸ்டூல் மேல் ஏறி, வீட்டுப் பத்திரமும் சர்டிபிகேட்டுகளும் இருந்த பையைப் பரணில் வைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் பிறப்பதற்குள் அவன் தவறாமல் செய்கிற காரியம் அது.

அவனை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஞானசௌந்தரி போனை எடுத்தாள்.

"சுப்ரஜா, தீம் மாத்திடலாமா?"

"ஐயோ அக்கா, போஸ்டரே போட்டாச்சு. ஏன், என்னாச்சு?"

"ரெண்டாயிரத்துப் பதினைஞ்சுல எங்க வீட்ல ஃபேன் வரைக்கும் தண்ணி. ரெண்டு ராத்திரி மொட்டைமாடியில இருந்தோம். இந்த லிஸ்ட்ல இருக்கறவங்க பாதிப் பேர் அப்படி இருந்தவங்கதான். மழைன்னா எங்களுக்கு ஜிமிக்கி ஞாபகம் வராதும்மா."

"நான் அப்போ கோயம்புத்தூர்ல காலேஜ். டிவியில பாத்ததோட சரி" என்றாள் சுப்ரஜா. குரலில் சங்கடமும் கொஞ்சம் எரிச்சலும் இருந்தன. "சரி, அப்போ என்ன வைக்கலாம்? நீங்களே சொல்லுங்க."

"படகு" என்று சொல்லிவிட்டாள் ஞானசௌந்தரி. மூன்றாம் நாள் காலை அவர்கள் தெருவுக்குள் மீன்பிடிப் படகு ஒன்று வந்து, மொட்டைமாடியிலிருந்த பதின்மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது.

"படகு பண்ணத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது."

"எனக்கும் தெரியாது. புதன்கிழமைக்குள்ள டிசைன் குடுத்தீங்கன்னா மாத்தறேன். நீல மணியைத் தண்ணியா வெச்சுக்கலாம்."

முதலில் செய்தது வாழைப்பழம் மாதிரி வந்தது. அடுத்தது செருப்பு. செவ்வாய்க்கிழமை, நீளக் கம்பி ஒன்றை நடுவில் மடித்து, இரண்டு நுனிகளையும் சேர்த்து முறுக்கி, வயிற்றைக் கட்டைவிரலால் அகட்டினாள். படகின் சாயல் வந்தது. அதன் குறுக்கே மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றவேண்டும். அவள் மணிக்கட்டு அதற்கு இடம் கொடுக்கவில்லை. இடைவெளி விட்டுத்தான் சுற்ற முடிந்தது. அந்த இடைவெளிகள் பார்ப்பதற்குப் பலகைகள் மாதிரி இருந்தன.

சுப்ரஜா போட்டோவைப் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். "இதை நீங்களே சொல்லிக்குடுங்கக்கா. நான் வேகமா போறேன்னு ஏற்கெனவே எல்லாரும் திட்டறாங்க."

ஞாயிறு காலை பத்து மணிக்கு முப்பத்தொன்பது பேர் திரைக்கு வந்தார்கள். டிபன் கேரியர் மேல் போனை ரப்பர் பேண்டால் கட்டி, அவள் கைகள் மட்டும் தெரிகிறபடி காலேப் வைத்துக் கொடுத்தான். "எனக்கு இந்தக் கை ஜூன்ல உடைஞ்சது. மெதுவாத்தான் வரும், பொறுத்துக்குங்க" என்று ஆரம்பித்தாள். யாருக்கும் அதில் குறையில்லை. இரண்டு பேருக்குக் கம்பி ஒடிந்தது; மற்றவர்கள் காத்திருந்தார்கள். பதினொன்றரைக்குப் பெரும்பாலான படகுகள் முடிந்திருந்தன.

அப்போது வரதராஜபுரத்திலிருந்து சரசு என்கிற பெண் மைக்கைத் திறந்தாள். தையல் வேலை செய்கிறவள். மகளுடைய போனில் சேர்ந்திருந்தாள்.

"அக்கா, படகு சோக்கா கீது. ஓட்றவரு எங்க?"

"படகு மட்டும்தாம்மா பிளான்."

"அதெப்படிக்கா? ஆளில்லாம படகு எப்படி வரும்? எங்க தெருவுக்கு வந்தவரு ஒல்லியா, தலையில செவப்புத் துண்டு கட்டிகினு இருந்தாரு. என் வூட்டுக்காரரு காலு ஒடிஞ்சு கெடந்தாரு. தோள்ல தூக்கினு போய் படகுல வெச்சாரு. பேரு இன்னான்னு கேக்கக்கூடத் தோணல."

பிறகு முடிச்சூர் லட்சுமி நகர்ப் பெண் ஒருத்தி மைக்கைத் திறந்தாள். "எங்க தெருவுக்கு வந்தவர் வயசானவர். எங்களை இறக்கிவிட்டுட்டுக் குடிக்கத் தண்ணி கேட்டார். சுத்தி அவ்வளவு தண்ணி. குடிக்கக் குடுக்க எங்ககிட்ட ஒரு டம்ளர் இல்ல." அவளுக்குப் பின் இன்னொருத்தி. அதற்குப் பின் ஒரு ரிட்டயரான வாத்தியார்.

ஞானசௌந்தரி தன் தெருவுக்கு வந்தவரை நினைத்துப் பார்த்தாள். முகம் நினைவில் இல்லை. படகின் பின்பக்கம் உட்கார்ந்து அவர் முதுகைத்தான் பார்த்திருந்தாள். கிழிந்த பனியன், தோளில் ஒரு தழும்பு. அவள் மீதிக் கம்பியை எடுத்தாள். எப்படிச் செய்வதென்று தெரியாமலே, ஒரு நீல மணியைத் தலையாகக் கோத்து, கம்பியை உடம்பாக முறுக்கினாள். ஒடிந்துவிட்டது. "இருங்க, இன்னொண்ணு" என்று மறுபடி தொடங்கினாள். இந்த முறை கைகள் வந்தன, கைகளில் துடுப்பும் வந்தது. திரையில் அத்தனை பேரும் குனிந்து அதையே செய்துகொண்டிருந்தார்கள்.

சுப்ரஜாவிடமிருந்து செய்தி வந்தது: 'அடுத்த ஐட்டம் எல்லாம் விட்டுடலாம். இதையே முடிங்கக்கா.' ஒரு மணி தாண்டியும் யாரும் வெளியேறவில்லை. சரசு தன் ஆளின் தலையில் சிவப்புத் தையல் நூலைச் சுற்றி, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டினாள். சுப்ரஜா கண்ணைத் துடைத்துக்கொண்டது சின்னக் கட்டத்தில் தெரிந்தது.

திங்கட்கிழமை ஞானசௌந்தரி அந்தப் படகைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள். டி.சி. வாங்க வந்த ஒரு அம்மா கவுன்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "அழகா இருக்கு மேடம். உள்ள உக்காந்திருக்கறது யாரு?" என்று கேட்டாள்.

"பேர் தெரியாதுங்க. எங்க தெருவுக்கு வந்தவர்" என்று சொல்லி, அவள் பக்கம் ரசீதை நகர்த்தினாள் ஞானசௌந்தரி.