வாசற்படி இறங்கும்வரை

…பொய்தான் சொல்லுகிறாள், வேறென்ன, உயர்தரப் பரீட்சை ஆவணியில் வந்து நிற்கப்போகிற நேரத்தில், எந்த மாதிரித்தாள் வைத்தாலும் முதலாவதாக வருகிற ஒருத்தி, செருப்பைக் கழற்றிக்கொண்டே “நான் இந்தமுறை எழுதல்லகா” என்று சொன்னால் அதை வேறு எந்தக் கணக்கில் வைப்பது, அதுவும் யாரிடம் சொல்லுகிறாள், காத்தான்குடிப் புடவைக் கடைக்காரர் அசனாருடைய மகளிடம்… பஸ்னா வினாத்தாளில் பெயரை எழுதிவிட்டு முன் வாங்கில் இருக்கிற ஆர்த்திகாவின் பின்னலைப் பார்த்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிக் கட்டிய பின்னல், எழுதாமல் விடப்போகிறவளின் பின்னலா இது. இந்தச் சந்தை அவளுக்குப் புதிதில்லை, பரீட்சை கிட்டக் கிட்ட எல்லோரும் கடை விரிப்பார்கள், தேற்றாத்தீவிலிருந்து வருகிற ஜெயரூபன் காய்ச்சலில் கிடந்தேன் ஒன்றும் பார்க்கவில்லை என்பான், கண் இரண்டும் வாசித்து வாசித்தே சிவந்திருக்கும், ஸகியா ஒவ்வொரு தாளுக்கும் முன்னால் மூக்கைச் சிந்திவிட்டு எழுபதுக்கு மேல் எடுப்பாள், படிக்கவில்லை என்றால் படித்திருக்கிறான், கொஞ்சம் பார்த்தேன் என்றால் விடிய விடியப் பார்த்திருக்கிறான், சொன்ன விலையில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் எதையும் கேட்க வேண்டும், அவர்கள் வீட்டில் நடக்கப் பழகிய பிள்ளைக்கே தெரிந்த சங்கதி இது. அதனால்தான் வாசலில் வைத்தே அவளும் சுடச்சுடக் கொடுத்தாள், “நானுந்தான் எழுதல்ல, வாப்பாட கடையில சாரி மடிக்கப் போறன்” என்று. ஆர்த்திகா அவளை ஒரு கணம் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மறுகா சும்மா சிரித்துவிட்டு உள்ளே போனாள். பிடிபட்டுவிட்டால் சிரிக்காமல் என்ன செய்வது.

முதலாவது வினா ஒரு அப்பாவி, ஐந்து விடையில் மூன்று பார்த்த மாத்திரத்திலேயே பொய், பஸ்னா கீறிவிட்டு இறங்கினாள். வினாத்தாள் தயாரிக்கிறவனும் வியாபாரிதான், நல்ல துணியை நடுவில் ஒளித்து வைத்துவிட்டு மினுக்கம் கூடினதை மேலே போடுவான், மினுங்குவதைத் தொடாமல் விட்டால் பாதி வெற்றி. இதைச் சொல்லித்தராமல் அழகரத்தினம் சேர் கதிரையில் சாய்ந்து விசிறிக்கொண்டிருக்கிறார், இது வரும் புள்ளைகள், கட்டாயம் வரும் என்று அவர் சொன்னது போன வருடம் ஒன்றும் வரவில்லை, வராதது பரீட்சைத் திணைக்களத்தின் பிழையாம், அவருடைய பிழையில்லையாம். மனிதர் வகுப்பு வைக்கப் பிடித்த இடத்தைப் பார்க்க வேண்டும், கல்லடியில் கடல் வந்து போன வீடு, முன் சுவரும் இல்லை, வாசற்படியும் இல்லை, இரண்டையும் அலை கொண்டுபோனது, எஞ்சியிருந்த மூன்று சுவருக்கு மேல் தகரத்தைப் போட்டு வாங்குகளை இழுத்துவிட்டால் வகுப்பு, காற்றோட்டம் நல்லம் என்று அதற்கொரு விளம்பரம் வேறு. அந்த விளம்பரத் தாளை நகரமெங்கும் ஒட்டினார்கள், பேருந்து நிலையச் சுவரில் காணாமல் போனவர்களின் படங்களுக்கு மேலேயே ஒட்டினார்கள், ஒரு கிழவரின் நெற்றி மட்டும் வெளியில் தெரிய, அதற்குக் கீழே இரசாயனவியல், சிறந்த பெறுபேறுகள்… யாரும் வாய் திறக்கவில்லை. இந்த ஊரில் எதற்குத்தான் வாய் திறந்தார்கள், போன கிழமை யுத்தம் முடிந்தது என்று கொடி கட்டச் சொன்னார்கள், கட்டினார்கள், வாப்பாவும் கட்டினார், நேற்று மழையில் அதன் சாயம் கரைந்து கடை வாசலில் ஓடியபோது துணியின் தரத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

அடுத்தது, அடுத்தது… முன்னால் பேனை ஓடவில்லை. பஸ்னா இரண்டு வினா கடந்தபிறகும் ஓடவில்லை, ஆர்த்திகாவின் முழங்கை அப்படியே இருந்தது, நடிப்பு இவ்வளவு தேவையில்லை பெண்ணே, எல்லாவற்றையும் மனதில் செய்து முடித்துவிட்டுக் கடைசியில் ஒரே வீச்சில் கீறப்போகிறாய், விருப்பமான சாரியைத் தொடாமல் பக்கத்தில் கிடப்பதைத் தடவிக்கொண்டு நிற்கிற பெண்டுகளை நான் எத்தனை பேரைப் பார்த்திருப்பேன். ஆனாலும் உண்மையாகவே இவள் எழுதாமல் விட்டால்… சும்மா ஒரு பேச்சுக்கு. மருத்துவ பீடத்துக்கு மட்டக்களப்பு மாவட்டத்துக்கென்று கிள்ளிக் கொடுக்கிற இடங்கள், போன முறை பஸ்னா அந்த வரிசையின் வாலைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தாள், அவளுக்கு மேலே நின்றவர்களில் ஒருத்தி ஒதுங்கியிருந்தால் போதும். வாப்பா இந்த ஒரு தரத்துக்குத்தான் உடன்பட்டார், கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, ஏறாவூர்க்காரருக்குச் சொல்லாகிவிட்டது என்று. ஏறாவூர்க்காரர் என்றால் ஷிஹான், ஹார்ட்வெயார் கடை, யாருடையவோ மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்று எடுத்த ஒரு படம், கண்ணாடி நெற்றியில். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு உம்மா மாப்பிள்ளை நல்ல உயரம் என்றாள், மோட்டார் சைக்கிளா மாப்பிள்ளையா என்று பஸ்னா கேட்டதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆணிக்கும் பெயின்ற் வாளிக்கும் நடுவில் இருந்துகொண்டு ஆயுள் முழுக்க அந்தக் கண்ணாடியைத் துடைப்பதா… ஆகவே எழுதாதே ஆர்த்திகா, சொன்ன சொல்லில் நில், நின்றால் உனக்கு நான்… சீ, என்ன நினைப்பு. ஆனால் இது ஒன்றும் புது நினைப்பும் இல்லையே. கடல் வருவதற்கு முந்திய தவணையில் பஸ்னா வகுப்பில் நான்காம் பிள்ளை, கடல் வந்து போய்ப் பள்ளிக்கூடம் திறந்த தவணையில் இரண்டாம் பிள்ளை, மேலே நின்ற இருவர் திரும்பி வரவில்லை, அவள் ஒரு எழுத்துக்கூடக் கூடுதலாகப் படிக்கவில்லை, ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவுமில்லை, உம்மா றஸீனா வட்டிலப்பம் அவித்தாள், பஸ்னா கேட்டு வாங்கி இரண்டு தரம் தின்றாள். இனித்தது. இனிக்காமல் எப்படி இருக்கும், கித்துள் பாணி போட்டது.

ஆர்த்திகாவின் கதையும் அவளுக்குத் தெரியாததில்லை, ஒருநாள் இஞ்சி பிஸ்கட்டைப் பகிர்ந்து தின்றபடி சொன்னாள், ஊர் கதிரவெளி, தாயைக் கடல் கொண்டது, வாகரைப் பக்கம் சண்டை வந்தபோது தகப்பன் வினாயகமூர்த்தியோடு ஓடிவந்து குருக்கள்மடத்தில் சித்தப்பன் வீட்டில் ஒண்டிக்கொண்டது, அக்கா அஜந்தா மட்டும் புருஷனோடு வன்னிப் பக்கம் போய்ப் பிறகு ஒரு சேதியும் இல்லை என்று எல்லாம். அழாமல் சொன்னாள். அழாமல் சொன்னதுதான் பஸ்னாவுக்குப் பிடிக்கவில்லை, கண்ணீர் விட்டிருந்தால் அதற்கொரு விலை வைத்து ஒதுக்கியிருக்கலாம், இரக்கத்தை வாங்கிக்கொண்டு குறிப்புக் கொப்பியைக் கேட்கப்போகிறாள் என்று காத்திருந்தால் அவள் கேட்கவுமில்லை, மிச்ச பிஸ்கட்டை பஸ்னாவின் பக்கம் தள்ளிவிட்டு எழும்பிப் போனாள். வியாழக்கிழமை அந்தத் தகப்பனும் மகளும் காத்தான்குடிக் கடைக்கு வந்தார்களாம், வாப்பா இரவு சோற்றில் கையை வைத்துக்கொண்டு சொன்னார், கைக்குழந்தை உடுப்புக் கொஞ்சம், கடிபடாமல் குழந்தையை மூடிவைக்கக் கூடாரம் மாதிரி விரிகிற நுளம்பு வலை ஒன்று, ரோசா நிறம், சொன்ன விலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். ஒரு வார்த்தை குறைத்துக் கேட்கவில்லையாம். வாப்பாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை, “மையித்து வீட்டுக்காரன்தான் புள்ள, விலை பேசாம வாங்கிட்டுப் போவான், என்னமோ சரியில்ல” என்றார், மையித்தைச் சுற்றி அடக்குகிற கபன் துணிக்கு விலை பேசுகிறவன் இந்த ஊரில் இல்லை என்பது மெய்தான், ஆனால் அதற்காக விலை பேசத் தெரியாத இரண்டு பேரை நினைத்துச் சோற்றை வைத்துவிட்டு எழும்புவதா, பஸ்னா சிரித்துக்கொண்டே அவருடைய பொரித்த மீனையும் எடுத்துத் தின்றாள்.

வாங்கு கிறீச்சிட்டது. ஆர்த்திகா எழும்பி நின்றாள். நேரம் பாதிகூடப் போகவில்லை, அவள் தாளை எடுத்துக்கொண்டு சேரிடம் போனாள், போகும்போது பார்த்தால் தாள் வெள்ளை, பெயர் மட்டும் இருக்கிறது. சரி, இதுவும் ஒரு முறைதான், வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாரியை வைத்துவிட்டு எழும்பிப் போவது, கடைக்காரன் பதறுவான் என்று. அவர்களுடைய கடையில் அதற்கு ஒழுங்கு இருக்கிறது, எழும்பும்போது கூப்பிடக் கூடாது, செருப்பை மாட்டும்போதும் கூப்பிடக் கூடாது, முகத்தையே பார்க்கக் கூடாது, கடைசிப் படியில் இறங்கி ஒரு கால் ரோட்டிலும் ஒரு கால் படியிலுமாக நிற்பாளே, அந்த நேரம் கூப்பிட வேண்டும், இஞ்ச வாங்க தங்கச்சி, கோபிச்சுக்கொண்டு போறீங்களா என்று. முந்தினால் விலை போய்விடும், பிந்தினால் ஆள் பக்கத்துக் கடைக்குப் போய்விடும். வாப்பா அதில் மன்னன். ஆனால் அழகரத்தினம் சேருக்கு இந்த ஒழுங்கு தெரியாது போலிருக்கிறது, பரீட்சை நடக்கும்போது கூரைத் தகரம் பறந்தாலும் கதிரையை விட்டு அசையாத மனிதர் எழும்பி நின்றார், அவளோடு சுவர் இருந்த இடம்வரைக்கும் நடந்து வந்தார், “போய்ட்டு வா புள்ள, முதல்ல அக்காவப் பாரு. படிப்பு எங்கயும் ஓடாது” என்றார். ஓடாதாம். எந்த நாளும் ஓடுகிறது ஓடுகிறது என்று வெருட்டித்தானே இந்தத் தகரத்தைப் போட்டீர். “ஓம் சேர்” என்றாள் ஆர்த்திகா, செருப்புக் குவியலில் குனிந்தாள், தேடினாள், ஒன்று கிடைத்தது, மற்றது ஸகியாவின் சப்பாத்துக்குக் கீழே, மாட்டிக்கொண்டு நிமிர்ந்து பஸ்னாவைப் பார்த்தாள். பார்த்தாள் என்பது பார்க்காமலே தெரிந்தது. பஸ்னா தலையைத் தாளில் புதைத்து எதையோ கீறிக்கொண்டிருந்தாள், எழும்பும்போது கூப்பிடக் கூடாது, செருப்பை மாட்டும்போது கூப்பிடக் கூடாது, இன்னும் கொஞ்சம்… படி இறங்கட்டும்…

ரோட்டில் வான் ஒன்று இரைந்தது. அப்போதுதான் தலையை நிமிர்த்தினாள், முன் சுவர் இல்லாத வீடு, ரோடு அப்படியே படம் மாதிரித் தெரிந்தது, வெள்ளை வான், முன் இருக்கையில் வினாயகமூர்த்தி மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார், பின்னால் வாளி, பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, எல்லாவற்றுக்கும் மேலே கூரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது அந்த ரோசா நிற வலை, காற்றில் பாதி விரிந்து, உள்ளே ஆளில்லாத சின்னக் கூடாரம். பஸ்னாவின் பேனை நின்றது. பேரத்துக்காக ஆர்த்திகா என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பொய் சொல்லலாம், வெள்ளைத் தாள் கொடுக்கலாம், சேரையும் ஏமாற்றலாம், ஆனால் பேரத்துக்காக யாரும் குழந்தை நுளம்பு வலை வாங்க மாட்டார்கள், அதுவும் சொன்ன விலைக்கு. ஜெயரூபன் பக்கத்து வாங்கிலிருந்து மெல்லக் கேட்டான் போல, சேர் அவனுக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார், “தமக்கைக்காரி வவுனியா முகாமில கிடக்காவாம், புருஷன் இல்லையாம், கையில குழந்தை. இவ போய் நிண்டாத்தான் பார்க்க ஆளிருக்கு, தகப்பனுக்குக் கண் பார்வையும் மட்டு. எப்ப வெளியில விடுவாங்களோ தெரியா.” பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு எழுதுங்க எழுதுங்க, நேரம் போகுது என்றார். எல்லோரும் எழுதினார்கள். ஸகியா மூக்கைச் சிந்தினாள், ஆனால் எழுதினாள்.

வான் பாலத்துப் பக்கம் திரும்பிப் போனது, மறைந்தது. முன்னால் பின்னல் இல்லை, முழங்கை இல்லை, கடற்காற்று தடையில்லாமல் வந்து பஸ்னாவின் தாளைத் தூக்கியது, அமத்திப் பிடித்தாள், பிடித்த இடத்தில் ஒரு சமநிலை வினா, தொகுதியிலிருந்து ஒரு பொருளை அகற்றினால் என்ன நடக்கும் என்று, என்ன நடக்கும், மற்றதெல்லாம் அந்தப் பக்கம் நகரும், கை தானாகவே சரியான விடையில் கீறிவிட்டு அடுத்ததுக்குப் போனது, கைக்கு என்ன தெரியும். எழுதல்லகா என்று சொல்லிவிட்டு வாயெடுத்தாளே, அது என்னவாக இருக்கும், அக்கா கிடைத்துவிட்டாள் என்றா, குறிப்புகளை நீ எடுத்துக்கொள் என்றா… அவ்வளவு பேர் இருக்க அதை என்னிடம் ஏன் சொல்ல வந்தாள், நான் என்ன அவளுக்கு… சாரி மடிக்கப் போறன். நல்ல பகிடி. வாப்பாவாக இருந்தால் கூப்பிட்டிருப்பார், வியாழக்கிழமை அவர் ஏன் கூப்பிடவில்லை, விலை பேசாதவர்களை எந்தப் படியில் வைத்துக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லையா, அதனாலா சோற்றை வைத்துவிட்டு எழும்பினார். நானும் கூப்பிடத்தான் இருந்தேன், ஒழுங்காகக் காத்துக்கொண்டுதான் இருந்தேன், படி இறங்கட்டும் என்று… பஸ்னா வாசலைப் பார்த்தாள். சிமெந்து நிலம் ஓரத்தில் உடைந்து, உடைந்த இடத்திலிருந்து மணல் தொடங்கி, மணல் அப்படியே ரோடாகிப் போயிருந்தது, வீடு எங்கே முடிகிறது ரோடு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழித்துக் காட்ட ஒரு கல்கூட இல்லை. இத்தனை மாதமாக இதற்கூடாகத்தான் நடந்து வருகிறாள், இந்த வீட்டுக்குப் படி இல்லை என்பது அவளுக்குத் தெரியாதா என்ன.