சிரித்த மூஞ்சிக்குச் சம்பள உயர்வு இல்லை

சலவை ஆலையின் வாசலில் அந்தப் பெட்டியை மாட்டி நான்கு மாதம் ஆகிறது. பச்சைப் பொத்தானில் சிரித்த மூஞ்சி, மஞ்சளில் உம்மணாமூஞ்சி, சிவப்பில் அழுமூஞ்சி. மேலே, ‘இன்று வேலை எப்படி இருந்தது?’ பத்து மணி நேரம் நீராவியில் வெந்து, ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டவர்களைப் பார்த்துக் கேட்கிற கேள்வி!

நெட்டையன் தினமும் பச்சைதான். உள்ளங்கை கொப்புளித்த நாளில்கூட முழங்கையால் பச்சையை அமுக்கினான். சூப்பர்வைசர் அவன் பெண்டாட்டியின் அண்ணன் ஆயிற்றே. “மாப்ள, என் பிரிவுல சிவப்பு விழுந்தா என் தலை உருளும்” என்று மச்சான் கெஞ்சியதில், உடன் வேலை செய்தவர்களில் நாற்பது பேரைப் பச்சைக்கு இழுத்துவிட்டான். அவன் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்த ஜீவன்கள் அந்த நாற்பதுதான். வீட்டில் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது.

இன்று காலை அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘ஊழியர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் மகிழ்ச்சியாக இருப்பதால், இந்த ஆண்டு சம்பள உயர்வு தேவைப்படவில்லை.’

மடிப்பு மேசை அக்கா நெட்டையனைப் பார்த்த பார்வையில் நாலு விரிப்புக்கு இஸ்திரி போட்டிருக்கலாம்.

“உன் பேச்சைக் கேட்டுத்தானேடா எல்லாரும் அமுக்கினாங்க? இப்ப குளுகுளுன்னு இருக்கா?”

“நூறு வரலையேக்கா, யாரோ அமுக்கல போல” என்று சிரிக்கவைக்கப் பார்த்தான்.

“நான்தான். எனக்கு மானம் இருக்கு.”

யாரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்ததும் வரிசையில் முதலில் நெட்டையன். பெட்டிக்குப் பக்கத்தில் காவல் மாதிரி மச்சான்.

“பச்சைதானே மாப்ள?”

“உங்களுக்கு உயர்வு போட்டாங்களா மச்சான்?”

“அது வேற விஷயம்.”

“எவ்வளவு வேற?”

“நான் சொல்லித்தான் உனக்கு இந்த வேலை. மறந்துடாத.”

“நீங்க சொல்லித்தான் நாப்பது பேர் வாயில மண்ணு. அதையும் மறக்கல.”

“தங்கச்சி மூஞ்சிக்காகப் பாக்கறேன்.”

“அந்த மூஞ்சி இந்தப் பெட்டியில இல்லையே!”

சிவப்பை அமுக்கினான். ‘டிங்’ என்றது. பச்சைக்கும் அதே டிங்தான். பெட்டிக்கு என்ன வந்தது?

“நாளையிலருந்து கொதிகலன் பக்கம் போ. வெந்து சாவு” என்றான் மச்சான்.

அடுத்தவன் சிவப்பு. அதற்கடுத்த பையன் தரையைப் பார்த்தபடி பச்சையை அமுக்கினான், வீட்டில் கைக்குழந்தை. திட்ட வாயெடுத்த நெட்டையன் அவன் போக வழிவிட்டான்.

அக்காவின் முறை வந்தபோது மச்சான் சிவப்பின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டான்.

“கையை எடு.”

“மாட்டேன்.”

“சரி, வெச்சுக்க” என்று அவன் கைமேல் தன் கையை வைத்து ஓங்கி அமுக்கினாள். டிங்.

பின்னால் நின்றவர்கள் கையைத் துடைத்துக்கொண்டார்கள். நெட்டையன் வீட்டுக்குக் கிளம்பவில்லை. கொதிகலனுக்குப் போவது நாளைக்குத்தானே, முழுசாகப் பார்த்துவிட்டே போகலாம் என்று ஓரமாக நின்றுகொண்டான்.