விளக்கு பார்க்க ஓர் ஆள்

ஸ்டூடியோவைக் கூட்டிப் பெருக்கும் அக்காவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. நடிகை வருவதற்குள் விளக்குகளைச் சரிபார்க்க நாற்காலியில் யாராவது உட்கார வேண்டும். நடிகை முகம் கழுவினால் இவள் நிறம்தான், உயரமும் அதேதான். அந்தக் கணக்கில் போட்டோகிராபர் இவளை உட்கார வைத்துவிட்டார். "ஆடாதீங்கக்கா" என்று பத்துத் தடவை சொல்லியாயிற்று. எங்கே கேட்கிறாள்?

காரணம் இருந்தது. இவளுடைய கல்யாண ஆல்பத்திலேயே இவளைத் தேடத்தான் வேண்டும். முகம் இருட்டோடு கரைந்துபோய், மாப்பிள்ளை பக்கத்தில் ஒரு புடவையும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் நிற்கும். "இதுல நீ எங்கம்மா?" என்று கேட்டு மகள் மானத்தை வாங்குவாள். இன்று கேமராத் திரையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். கறுப்புதான், ஆனால் மூக்கு, கன்னம், கழுத்து எல்லாம் இருந்தது. அடேயப்பா, இத்தனை வருஷம் இந்த முகம் எங்கே போயிருந்தது?

"சார், இது ஒண்ணு எனக்குப் பிரிண்ட் போட்டுத் தருவீங்களா?"

"வேலை முடியட்டும்க்கா, தர்றேன்."

நேரம் நகர்வேனா என்றது. பெருக்கிய இடத்தையே நாலு தடவை பெருக்கினாள். மூன்று மணி நேரம் கழித்து, முகத்தில் மூன்று பூச்சோடு நடிகை வந்தாள். விளக்கடியில் உட்கார்ந்ததும் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராக வெளுத்துப்போனது. பூச்சில்லாத கறுப்பு முகத்துக்கு விளக்கு வைத்தால் வேறென்ன ஆகும்? போட்டோகிராபர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

நடிகை எழுந்து வந்து திரையில் படங்களைத் தள்ளினாள். ஒன்றில் விரல் நின்றது.

"யாரு இது?"

"நம்ம க்ளீனிங் அக்கா, மேடம். சும்மா லைட்டுக்கு."

நடிகை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "எங்கம்மா மாதிரியே இருக்காங்க" என்றாள் மெதுவாக. அப்புறம், "அழிச்சிடுங்க. யாராச்சும் நான்னு நெனச்சிடப் போறாங்க."

கண்ணை மூடித் திறப்பதற்குள் படம் போய்விட்டது. அக்காவுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. துடைப்பத்தை எடுக்கப் போனவளை மேக்கப்காரி பிடித்து உட்கார வைத்தாள். மறுபடி விளக்கு வைக்க வேண்டுமாம். நடிகைக்குப் போட்ட அதே மூன்று பூச்சு இவளுக்கும்.

ஒரு படம் எடுத்துப் பார்த்த போட்டோகிராபருக்கு மனசு கேட்கவில்லை.

"சொன்ன சொல் மாறமாட்டேன்க்கா. இதைப் போட்டுத் தரட்டுமா? நல்லா வெளுப்பா வந்திருக்கு."

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

"வேணாம் சார். எம்பொண்ணு மறுபடியும், 'இதுல நீ எங்கம்மா'ன்னு கேப்பா."