ஜதீதாக்காரரின் பெனால்டி

என் கணவர் அல்லால் கால்பந்தாட்டத்தை விட்டுப் பல வருடங்கள் ஆன பிறகும் எங்கள் ஊரான சாஃபியின் துறைமுகத்தில் அவருக்கு மட்டும் மத்தி மீனைப் பொறுக்கிக் கொடுப்பார்கள். எல்லாம் ஒரே ஒரு தடுப்புக்காக. கோப்பை அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் ஜதீதா ஊர் அணியின் மிலூத் தனியாகக் கோலை நோக்கி ஓடினார். அல்லால் குறுக்கே சறுக்கினார். மிலூத் மண்ணைக் கவ்வினார். நடுவர் விசில் ஊதவில்லை. எங்கள் ஊருக்கு அது சுத்தமான தடுப்பு, ஜதீதாவுக்குப் பெனால்டி.

அந்த மிலூத்தின் மகனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள் எங்கள் மகள் கிஸ்லான்.

எங்கள் வழக்கப்படி சர்க்கரைக் கூம்புகளோடு பெண் கேட்க வந்தார்கள். மிலூத் தேநீரைத் தொடவே இல்லை.

"பொண்ணு தங்கம். ஆனா ஹாஜி, அது பெனால்டின்னு உங்க வாயால ஒரு தடவ சொல்லிடுங்க. அப்புறம் ஃபாத்திஹா ஓதிடலாம்."

ஃபாத்திஹா ஓதிவிட்டால் நிச்சயம் ஆனது போல. அதன் பிறகு மாற்றிப் பேச முடியாது.

ஜன்னலுக்கு வெளியே தெருவே கூடியிருந்தது. மீன்காரர் பூஷைப் கத்தினார்: "ஹாஜி, சொல்லிறாதீங்க! சொன்னீங்க, நாளையிலேருந்து உங்களுக்கு வெறும் முள்ளுதான்!"

"ஒரு வார்த்தைதானே அப்பா?" கிஸ்லானின் கண் கலங்கியிருந்தது.

"ஊரே அந்த வார்த்தையிலதாம்மா நிக்குது."

"அப்போ ஊரையே கட்டிக்கிறேன், போங்க!"

அல்லால் எழுந்தார். "பேச்செதுக்கு? மிலூத், நீங்க ஓடுங்க. நான் எப்படித் தடுத்தேன்னு எல்லாரும் பாக்கட்டும்."

மிலூத் தன் நீள அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டார். பந்துக்குப் பதில் ஒரு திண்டு. இருவருக்கும் அறுபது தாண்டியிருந்தது. ஆளுக்கு முன்னால் வயிறு ஓடியது. அல்லால் கம்பளத்தில் சறுக்கினார். திண்டு ஒரு பக்கம், மிலூத் ஒரு பக்கம்.

யாரை விழத்தட்டினாலும் மறுகணமே எழுந்து, இரண்டு கைகளையும் ஏந்தி, 'நான் என்ன செய்தேன்?' என்று வானத்தைப் பார்த்து நிற்பது அல்லாலின் ஆட்டக்காலப் பழக்கம். அன்றும் கைகள் தாமாக எழுந்தன.

மூலையில் தூங்கிக்கொண்டிருந்த மிலூத்தின் பெரியப்பா சத்தம் கேட்டுக் கண் விழித்தார். ஏந்திய கைகளைப் பார்த்தார். பேச்சு முடிந்துவிட்டது, ஓதத்தான் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கணீரென்று ஃபாத்திஹாவைத் தொடங்கிவிட்டார்.

தொடங்கியதை யார் நிறுத்துவது? பெண்கள் கை ஏந்தினோம். ஜன்னலில் பூஷைப் ஏந்தினார். மல்லாந்து கிடந்தபடியே மிலூத்தும் ஏந்தினார். 'ஆமீன்' முடிந்ததுதான் தாமதம், யாருக்கும் மனம் மாறுவதற்குள் நான் குலவையிட்டேன்.

"இப்பவாச்சும் சொல்லுங்க, சம்பந்தி," என்றார் தரையிலிருந்த மிலூத்.

"கையக் கொடுங்க, தூக்கி விடுறேன்," என்றார் அல்லால்.

போன குளிர்காலத்தில் அல்லால் இறந்தார். ஜதீதாவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தார்கள். மூன்றாம் நாள், துக்கத்துக்கான வெள்ளை உடையில் இருந்த என்னிடம் மிலூத் வந்தார். அழுது அழுது அவர் முகம் வீங்கியிருந்தது.

"அண்ணி, உங்ககிட்டயாவது ஒத்துக்கிட்டாரா?"

அறையில் அத்தனை பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"குஸ்குஸ் ஆறிப்போகுது," என்றேன். "உக்காந்து சாப்பிடுங்க."