தேங்காய் எண்ணெயும் ஒரு பழைய ஃபோர்க்கும்

கையை உடைத்துக்கொண்ட ஆண்பிள்ளை ஒரு வருஷம் வீட்டோடு இருந்தால் என்ன ஆகும் என்று என்னைக் கேளுங்கள். சமையலறையில் பருப்பு டப்பாக்களை உயர வரிசைப்படி அடுக்குவார். ஆலைக்கு வந்து, நான் காயவைத்த கொப்பரையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு வெயில் வேண்டும் என்பார். பெருமாட்டியில் பதினாறு வருஷமாகத் தேங்காய் எண்ணெய் ஆட்டி, கொழிஞ்சாம்பாறைச் சந்தை வரைக்கும் விற்கிறவளுக்குக் கொப்பரையைப் பற்றிப் பாடம்.

என் வீட்டுக்காரர் சிவப்பிரகாஷ் நல்ல மனுஷன்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பழைய வண்டியில் ஏறாவிட்டால் அவருக்கு முகமே வேறாகிவிடும். அந்த முகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

வண்டி 1974-இல் ஸ்பெயினில் செய்த மோட்டார் சைக்கிள். டிரயல்ஸ் ஓட்டுவதற்கென்றே செய்தது. டிரயல்ஸில் வேகம் யாருக்கும் வேண்டாம். பாறை, ஓடை, மரவேர் என்று கயிறு கட்டிக் குறித்த பாதையில் கால் தரையில் படாமல் ஓட்டிக் கடக்க வேண்டும். கால் ஊன்றினால் ஊன்றியதற்கெல்லாம் புள்ளி. குறைவாகப் புள்ளி வாங்கியவர் ஜெயித்தவர்.

போன மார்கழியில், மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் பழைய வண்டிக்காரர்கள் கூடி நடத்திய டிரயல்ஸில்தான் அது நடந்தது. ஆள் உயரப் பாறையிலிருந்து இறங்கியபோது முன்சக்கரத்தைத் தாங்குகிற இரட்டைக் குழாய், அந்த ஃபோர்க், அடிவரைக்கும் அமுங்கிப் போய் 'டங்' என்று இடித்தது. அந்த இடி முழுவதும் இவர் வலது மணிக்கட்டில் இறங்கியது. பாலக்காட்டில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். வலி போகவே இல்லை. கடைசியில் இவரே ஒரு முடிவு சொன்னார்: "இந்த வருசம் ஒருக்கா ஓட்டிப் பாக்கறேன். கை வலிச்சுதுன்னா வண்டிய அமிர்தநாதன்கிட்டக் குடுத்துப்போடறேன்."

அமிர்தநாதன் அந்த எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். இந்த வண்டி மேல் அவருக்குப் பல வருஷமாக ஒரு கண். தங்கமான மனுஷன், வண்டியை நன்றாகத்தான் வைத்துக்கொள்வார். இருந்தாலும் எனக்கு அவர் மேல் அன்றிலிருந்து கோபம்.

உடைந்தது கை என்றாலும் குற்றம் ஃபோர்க்கினுடையது. ஆலை மெஷினைப் பதினாறு வருஷமாக நானே பிரித்துக் கோத்திருக்கிறேன், இரண்டு குழாயைப் பிரிக்க மாட்டேனா? பிரித்தேன். உள்ளே இருப்பது ஸ்பிரிங்கும் எண்ணெயும்தான். ஸ்பிரிங் தாங்கும், அது துள்ளாமல், இடிக்காமல் எண்ணெய் பிடித்துக்கொள்ளும். ஐம்பது வருஷ ஸ்பிரிங் இரண்டும் சோர்ந்து ஓர் அங்குலம் குட்டையாகிப் போயிருந்தன. பொள்ளாச்சி லேத் பட்டறையில் சொல்லிப் புதிது சுற்ற வைத்தேன். மேலே அடைகொடுக்கத் தோப்புச் சொட்டுநீர்க் குழாயில் இரண்டு துண்டு அறுத்துப் போட்டேன். எண்ணெய் கசியாமல் பிடிக்கிற ரப்பர் சீல்களை மாற்றி, எண்ணெய் போய்வருகிற ஓட்டையை நூலளவு பெரிதாக்கினேன்.

எண்ணெயில்தான் வம்பு வந்தது. கோயமுத்தூரில் வாங்கிய முதல் ஃபோர்க் ஆயில் தடித்தது. இரண்டாவது தண்ணீராக இருந்தது. ஒரு சித்திரை ஞாயிற்றுக்கிழமை, கடையெல்லாம் மூடியிருந்த எரிச்சலில், என் ஆலை எண்ணெயையே துணியில் மூன்று முறை வடிகட்டி ஊற்றினேன். ஹேண்டில்பாரை அமுக்கினேன். ஃபோர்க் பதமாக இறங்கி, பதமாக ஏறியது. எனக்கு ஏற்பட்ட கர்வத்தைச் சொல்லி முடியாது.

இவரிடம் மட்டும் சொல்லவில்லை. கதவு கிரீச்சிட்டாலும், குழந்தைக்குச் சளி பிடித்தாலும் நான் தேங்காய் எண்ணெயைத்தான் நீட்டுகிறேன் என்று ஊரெல்லாம் கிண்டலடிக்கிறவர். கேட்டபோது, "கோயமுத்தூருல புதுசா வந்த ஆயிலுங்க" என்று சொல்லிவிட்டேன். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை வாய்க்கால் கரையில் இறக்கிப் பழகினார். வலி இல்லை. பருப்பு டப்பாக்கள் பழையபடி கலைந்தன.

மறுபடி மார்கழி வந்தது. பிக்கப்பில் வண்டியை ஏற்றி, உடுமலை, மறையூர் வழியாக மலையேறினோம். இரவு அமிர்தநாதன் வீட்டில், எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், தங்கினோம். வண்டி வெளியே நின்றது. விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி.

இவர் வண்டியில் உட்கார்ந்து முன்பக்கம் அமுக்கினார். மறுபடி அமுக்கினார்.

"ஏம்புள்ள, ஃபோர்க்கு எறங்கவே மாட்டீங்குது."

அமிர்தநாதன் வந்து உடம்பு எடையெல்லாம் போட்டு அமுக்கினார். ஃபோர்க் அசையவில்லை. "சீல் இறுகிப் போச்சோ என்னமோ. என்ன ஆயில் ஊத்துனீக, தங்கச்சி?"

தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்று எனக்குத் தெரியாதா? மார்கழியில் தலைக்கு வைக்கிற பாட்டிலையே நான் வெயிலில் காட்டித்தான் எடுப்பேன். ஆனால் ஃபோர்க்குக்குள் போன நாளிலிருந்து அது என் மனசில் தேங்காய் எண்ணெயாக இல்லை, ஃபோர்க் ஆயிலாகிவிட்டது. இப்போது இரண்டு குழாயிலும் கட்டியாக, வெள்ளையாக, நெய் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

சீல்தான் என்று தலையாட்டிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதற்குள் இவர் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். "உடுங்க அமிர்தநாதன். எனக்கு இதுக்கு மேல கொடுப்பினை இல்ல. வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார். அந்தப் பழைய முகம் வந்துவிட்டது.

"அது தேங்கா எண்ணெய்ங்க" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அமிர்தநாதன் இலைச்சாக்கின் மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"கோயமுத்தூரு ஆயிலுன்னு சொன்ன?"

"பொய்யுங்க."

"அப்ப இத்தனை மாசமா அதுலதான் ஓட்டுனனா?"

"ஆமாங்க."

குனிந்து ஃபோர்க்கைப் பார்த்தார். "நல்லாத்தான இருந்துச்சு" என்றார்.

அமிர்தநாதன் தன்னிடமிருந்த ஃபோர்க் ஆயிலைத் தருகிறேன் என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பிரிங், ஓட்டை எல்லாம் என் எண்ணெயோடுதான் பதமாகச் சேர்ந்தது. பழகாத ஆயிலில் அந்தப் பாறையிலிருந்து இறங்கி அந்தக் கையை நான் சோதித்துப் பார்க்கத் தயாரில்லை. "வெந்நீர் குடுங்கண்ணா, அது போதும்" என்றேன்.

ஃபேக்டரி கேன்டீனிலிருந்து ஒரு பெரிய கெட்டில் வந்தது. ஃபோர்க்கில் சாக்குத் துண்டுகளைச் சுற்றி வெந்நீரை ஊற்றினேன். ஐந்து நிமிஷத்தில் முதலில் ஒரு விரல் இறங்கியது, பிறகு நான்கு விரல், பிறகு பழைய பதம். புள்ளி போடுகிற நிமி என்ற பெண்ணிடம் யாரோ இது முறையா என்று கேட்டார்கள். அவள் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரூல்ல வெந்நி பத்தி ஒண்ணும் போடல. ஊத்தட்டும்" என்றாள்.

மொத்தம் ஏழு பாதைகள். இவர் ஒவ்வொன்றாக ஓட்ட, நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கெட்டிலோடு தேயிலைச் சரிவில் ஓடினேன். ஐந்தாவது பாதை ஓடைக்குள். அந்தத் தண்ணீர் பட்டதும் ஃபோர்க் மறுபடி விறைத்துவிட்டது, இவர் இரண்டு முறை கால் ஊன்றினார். கெட்டில் காலி. அதற்குள் விஷயம் லயம் முழுக்கப் பரவியிருந்தது. கொழுந்து பறிக்கிற பெண்கள் நான்கு பேர் ஃபிளாஸ்க்கோடு சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதில் ஒன்றில் பால் விடாத கட்டஞ்சாயா இருந்தது. அதையும் ஊற்றினேன்.

ஏழாவது, அந்தப் பாறை. இவர் மேலே போய் நின்று கீழே பார்த்தார். வெயில் நன்றாக ஏறியிருந்தாலும் கடைசி ஃபிளாஸ்க்கையும் நான் ஊற்றியிருந்தேன். வண்டி நகர்ந்தது. முன்சக்கரம் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. ஃபோர்க் முழுசாக உள்ளே போய், அவசரப்படாமல் மேலே வந்தது. 'டங்' கேட்கவில்லை. பின்சக்கரமும் இறங்கியது. கால் இரண்டும் ஃபுட்ரெஸ்ட்டிலேயே இருந்தன.

மொத்தம் ஒன்பது புள்ளி. பன்னிரண்டு பேரில் எட்டாவது இடம். இவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் பேச ஆரம்பித்துவிட்டார். "அந்த நாலாவதுல வேரு மேல எடது பக்கமா ஏறியிருக்கோணும் புள்ள. வலது பக்கம் போய்ப்போட்டேன். ரெண்டு புள்ளி தண்டமாப் போச்சு."

அமிர்தநாதன் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் கேட்க வேண்டும், ஆனால் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"ஏனுங்க, கை வலிக்குதுங்களா?"

"எந்தக் கை?" என்று என்னைப் புரியாமல் பார்த்துவிட்டு, இவர் மறுபடி அந்த வேரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

எனக்கு அழுகை வந்தது. எல்லார் முன்னாலும் நின்று அழுதேன்.