படி கூட்டிய மாப்பிள்ளை

அந்தப் படத்தை ஸ்டுட்கார்ட்டில் இருந்து அனுப்பியவள் றோஸ்மேரி, செலீனின் ஒன்றுவிட்ட தங்கை. செலீன் ஞாயிறு பூசை முடிந்து கனடாவில், ரூஜில் உள்ள வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே வட்ஸ்அப்பில் வந்து விழுந்தது.

கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட ஒருவன், பெரிய கட்டடம் ஒன்றின் வாசல் படிகளைக் கூட்டுகிறான். சுற்றிவரச் சனம் நின்று சிரிக்கிறது. அடுத்த படத்தில் பொன்னிற முடிக்காரி ஒருத்தி அவன் கன்னத்தில் முத்தமிடுகிறாள். அவன் ஜெனாட். ஜேர்மனியின் வடகடல் ஓரம் எம்டன் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன். செலீனின் மகள் ஜெசிகாவைக் கட்டப்போகிறவன். இப்போது கனடா வந்திருந்தவன், பின்னேரம் தேநீருக்கு வர இருந்தான்.

கூடவே றோஸ்மேரியின் குரலும் வந்திருந்தது. "அக்கா, உது இரண்டு வருசத்துக்கு முந்தின படம். இஞ்சை கோட்டிலை சின்னக் குற்றத்துக்கு மறியலுக்குப் பதிலா இப்பிடித்தான் கூட்டித் துடைக்க விடுவினம். களவோ குடியோ தெரியாது. உந்தப் பொம்பிளை ஆரெண்டும் கேளுங்கோ. முதல் பெண்சாதியாயும் இருக்கலாம்."

முப்பது வருடமாக ஜேர்மனியில் இருப்பவள் சொன்னால் பிழையிருக்காது என்று செலீன் நினைத்தாள். றோஸ்மேரி தெற்கை விட்டு வடக்கே ஒரு தரமும் போனதில்லை என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. செலீனின் தமையன் மகள், பிரான்ஸில் ஏற்கெனவே குடும்பம் வைத்திருந்த ஒருவனைக் கட்டி ஆறு மாதத்தில் திரும்பி வந்தவள். ஜெசிகாவின் திருமண அறிவித்தலை அடுத்த ஞாயிறு கோயிலில் வாசிப்பதாக ஏற்பாடு. இன்றிரவு சுவாமியாருக்கு ஓம் அல்லது இல்லை சொல்லியாக வேண்டும்.

கணவர் கிறிஸ்துநாயகம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "எம்டனிலை இருந்து வந்தவன் எம்டனாத்தானே இருப்பான்."

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

"கூட்டுற வடிவைப் பாரும். வீட்டு வேலை பழகின பெடியன்."

ஜெனாட் சொன்ன நேரத்துக்கு வந்தான். செலீன் தேயிலைச் சாயம், பால், சீனி எல்லாவற்றையும் தனித்தனியாக வைத்தாள். அவன் முதலில் சீனியைப் போட்டான், மேலே சாயத்தை ஊற்றினான், கோப்பையின் ஓரத்தால் பாலைக் கரண்டியில் மெல்ல வழியவிட்டான். பிறகு கலக்காமலே குடித்தான்.

"கலக்கேல்லையோ தம்பி?"

"எங்கடை பக்கம் கலக்கிறேல்லை அன்ரி. முதல் பால், பிறகு கசப்பு, கடைசியிலை இனிப்பு. மூண்டு கோப்பை குடிக்காட்டி வீட்டுக்காரருக்கு மரியாதையில்லை."

கடைசி வாய் வரைக்கும் அடியில் கிடப்பதைக் காட்டாத தேநீர். செலீனுக்கு அது பிடிக்கவில்லை.

கிறிஸ்துநாயகம் ஊரைப் பற்றிக் கேட்டார். நிலம் கடலைவிடப் பள்ளம், அணைக்கட்டுத்தான் காப்பாற்றுகிறது என்றான். கடல் நாளுக்கு இரண்டு தரம் வற்றிப்போகும், சேற்றில் நடந்தே தீவுக்குப் போவோம் என்றான். அந்த ஊர்ச் சனம் அதிகம் பேசாதாம். மன்னாரில் பிறந்த செலீனுக்குக் கடல் வற்றுவது புதினமில்லை. இன்றைக்கு அவன் சொல்ல, அதுவும் பொய் போலக் கேட்டது. பேசாத சனத்துக்கு மறைப்பது எவ்வளவு சுகம் என்றும் நினைத்தாள்.

இரண்டாவது கோப்பையை ஊற்றிவிட்டுப் போனை அவன் முன்னால் வைத்தாள்.

"உது என்ன கேஸ் தம்பி?"

ஜெனாட் காது வரை சிவந்தான். ஜெசிகா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஓ மை காட், அந்தத் தொப்பி."

"நீ சும்மா இரு. கோட்டிலை என்னத்துக்குக் கூட்ட விட்டவங்கள்?"

"கோட் இல்லை அன்ரி. அது நகரசபைப் படி. எங்கடை பக்கம் ஒரு ஆம்பிளை கலியாணம் கட்டாமல் முப்பது வயசு முடிச்சால், பிறந்தநாளிலை சிநேகிதங்கள் பிடிச்சுக்கொண்டு போய்ப் படி கூட்ட விடுவாங்கள். போத்தல் மூடியைச் சாக்குக் கணக்கிலை கொட்டுவாங்கள். கூட்டக் கூட்டத் திரும்பவும் கொட்டுவாங்கள். கலியாணம் கட்டாத பிள்ளை ஒண்டு வந்து கொஞ்சினால்தான் விடுவாங்கள். அவ என்னோடை வேலை செய்யிறவரின்ரை தங்கச்சி. அண்டைக்குப் பிறகு நான் காணேல்லை."

"கட்டினவனைக் கூட்ட விடமாட்டினமோ?"

"கட்டினவனுக்கு ஏன் அன்ரி விளக்குமாறு? ஆர் கட்டினது, ஆர் கட்டாதது எண்டு ஊருக்கே தெரியும்தானே."

செலீனின் நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. உடனே வேறொன்று ஏறியது.

"இரண்டு வருசத்துக்கு முந்தி முப்பது. அப்ப இப்ப முப்பத்திரண்டு. உங்கடை அம்மா இருபத்தொன்பது எண்டல்லோ சொன்னவ?"

ஜெனாட் கோப்பையைக் கீழே வைத்தான். "முப்பத்திரண்டுதான் அன்ரி."

"மம், எனக்குத் தெரியும்," என்றாள் ஜெசிகா. "முதல் நாளே சொன்னவர்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் இப்பிடித்தான் செய்வீங்கள் எண்டு."

"அம்மாவுக்குப் போன் அடியுங்கோ," என்றாள் செலீன் ஜெனாட்டிடம். "ஸ்பீக்கரிலை போடுங்கோ."

எம்டனில் இரவாகியிருந்தது. ஜெனாட்டின் தாய் அன்ரனெற் பதறிக்கொண்டு போனை எடுத்தாள். செலீன் சுற்றி வளைக்காமல் வயதைக் கேட்டாள்.

"ஆர் சொன்னது?"

"உங்கடை மகன்தான்."

"என்ன செய்யிறது அக்கா. முப்பது தாண்டின பெடியன் எண்டால் கனடாச் சனம் என்ன நினைக்கும்? ஒண்டைக் கட்டி விட்டிட்டு வாறான், இல்லாட்டி ஏதோ வழக்கிலை மாட்டினவன் எண்டு நினைக்கும். நீங்கள் அப்பிடி நினைக்கமாட்டியள். மற்றச் சனம் நினைக்கும்."

கிறிஸ்துநாயகம் யன்னல் பக்கம் திரும்பித் தோளைக் குலுக்கினார். சிரிக்கிறார் என்று செலீனுக்குத் தெரியும். அன்ரனெற்றோடு கோபிக்க அவளுக்கு மனம் வரவில்லை. தன் மகனுக்கு என்றால் தானும் இரண்டு மூன்று வயதைக் குறைத்திருப்பாள்.

"இன்னும் ஏதும் குறைச்சுச் சொன்னியளோ?" என்று கேட்டாள்.

"உயரத்தைக் கொஞ்சம் கூட்டினனான்."

செலீன் ஜெனாட்டை மேலும் கீழும் பார்த்தாள். அவன் கதிரையில் நிமிர்ந்து இருந்தான்.

"சரி. சுவாமிக்கு நான் இரவைக்கு ஓம் எண்டு சொல்லுறன். வயசு முப்பத்திரண்டு எண்டே குடுப்பம்," என்று போனை வைத்தாள். மூன்றாவது கோப்பையை அவளே ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "உங்களைக் கொஞ்சின அந்தத் தங்கச்சி கலியாணம் கட்டிட்டாவோ?"